மசாஜ் கன்: எதைப் பார்த்து வாங்குவது, எங்கே வைப்பது, எங்கே வைக்கவே கூடாது

சோளிங்கர் மலையில் 1,305 படி ஏறி இறங்கியவருக்கு அன்று இரவு பெரிதாக ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை எழும்போதுதான் முன்தொடை கல்லாகக் கிடக்கும். அதற்கடுத்த நாள் வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டிவரும். ஏறியதைவிட இறங்கியதால் வரும் வலி இது. இறங்கும்போது தொடைச் சதை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. அதில் தசை நார்களுக்கு நுண்ணிய சேதம் உண்டாகி, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். ஜிம்மில் முதல் வாரமே ஸ்குவாட் போட்டவர், நேதாஜி மைதானத்தில் போலீஸ் தேர்வுக்கு ஓடும் பையன், பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து விடியற்காலை பஸ்ஸில் வேலூர் திரும்புகிறவர், எல்லோரும் படுவது இதைத்தான்.

இதற்கு முன்பெல்லாம் வெந்நீர், நல்லெண்ணெய், தைலம். இப்போது காட்பாடி ஹாஸ்டல் அறை முதல் சத்துவாச்சாரி ஜிம் வரை மசாஜ் கன், அதாவது சதையை வேகமாகத் தட்டி அதிர வைக்கும் கைமெஷின். அமெரிக்காவில் ஜேசன் வெர்ஸ்லேண்ட் என்ற கைரோபிராக்டர் (முதுகெலும்பையும் மூட்டையும் கையால் அழுத்திச் சரிசெய்பவர்), 2007-ல் பைக் விபத்தில் அடிபட்ட தன் உடம்பு வலிக்காகச் செய்துகொண்ட கருவியில் தொடங்கியது இந்தச் சாமான். 2016-ல் தெராகன் என்ற பெயரில் கடைக்கு வந்தது, 2018-ல் ஹைப்பர்வோல்ட் என்ற இன்னொரு மாடல் சேர்ந்துகொண்டது. பிறகு அதே அமைப்பில் மலிவு மாடல்கள் குவிந்து, இன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே ஒன்று கையில் கிடைக்கிறது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இதை அளவுக்கு மீறி அழுத்துகிறார்கள், அளவுக்கு மீறி நேரம் வைக்கிறார்கள். வருகிற கோளாறுகளில் பலவற்றுக்கு இந்த இரண்டுதான் காரணம்.

என்ன செய்யும், என்ன செய்யாது

விற்கிறவர் "லாக்டிக் ஆசிட்டைக் கரைக்கும்" என்பார். உடற்பயிற்சியில் சேரும் லாக்டேட்டை உடம்பு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் தானே அகற்றிவிடும். மறுநாள் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொழுப்பு கரையும், தொப்பை குறையும் என்பதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

உண்மையில் நடப்பது இரண்டு. அதிர்வும் தட்டலும் தோலிலிருந்தும் தசையிலிருந்தும் நிறைய உணர்வுச் செய்திகளை முதுகுத்தண்டுக்கு அனுப்புகின்றன. அந்தக் கூட்டத்தில் வலிச் செய்தி அமுங்கிப்போகிறது. இடித்துக்கொண்ட முழங்கையை நாமே தேய்த்துவிட்டுக்கொள்வதும் இதனால்தான். மெல்சாக், வால் என்ற இருவர் 1965-ல் முன்வைத்த விளக்கம் இது. இரண்டாவது, இறுகிய சதை கொஞ்ச நேரத்துக்கு இளகி, மூட்டு கூடுதலாக மடங்கும். ஆஸ்திரியாவில் ஆய்வாளர்கள் கெண்டைக்காலில் 5 நிமிடம் மசாஜ் கன் வைத்துப் பார்த்து 2020-ல் வெளியிட்ட முடிவில், கணுக்கால் மடங்கும் அளவு சராசரியாக 5 டிகிரிக்குச் சற்று மேல் கூடியது. தசையின் பலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எதிர்பார்ப்பை இந்த அளவில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் கிடையாது. சேதமான நார் ஆறுவதற்குத் தூக்கமும், சாப்பாடும், லேசான நடையும்தான் வேலை செய்யும்.

வாங்கும்போது

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது "30 ஸ்பீடு". அதைக் கண்டுகொள்ளாதீர்கள். கேட்க வேண்டியது, தட்டும் முனையான ஹெட்டைத் தாங்கிய தண்டு ஒருமுறை முன்னே போய்ப் பின்னே வரும் தூரம் எத்தனை மில்லிமீட்டர் என்பது. கையடக்க மினி மாடல்களில் 6 முதல் 8 மி.மீ. இருக்கும். இது தோலையும் மேல்சதையையும் அதிர வைக்கும், கழுத்தோரத்துக்கும் முன்கைக்கும் போதும். தொடை, பிட்டம் மாதிரி கனமான சதைக்கு 10 முதல் 12 மி.மீ. வேண்டும். விலை உயர்ந்த தெராகன் ப்ரோவில் 16 மி.மீ. பளு தூக்குகிறவருக்கு அது சரி, வீட்டு உபயோகத்துக்குக் கொஞ்சம் முரட்டு அடிதான்.

எழுதியிருப்பதை நம்ப வேண்டியதில்லை, கடையிலேயே அளந்து பார்க்கலாம். மெஷினை அணைத்துவிட்டு, ஹெட்டை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். பெரும்பாலான மாடல்களில் கைக்கு அசைந்து கொடுக்கும். முழுக்க உள்ளே இருக்கும்போது ஒரு அளவு, முழுக்க வெளியே வந்தபின் ஒரு அளவு, பள்ளிக்கூட ஸ்கேலில் எடுத்துக் கழித்தால் நிஜமான தூரம் தெரிந்துவிடும். 12 என்று போட்டு 7 இருப்பது சகஜம்.

அடுத்தது அழுத்தத்துக்கு நிற்கிறதா என்பது. நடு ஸ்பீடில் ஓடவிட்டு உங்கள் தொடைமேல் வைத்துப் படிப்படியாக அழுத்துங்கள். லேசாக அழுத்தும்போதே குரல் மாறித் திணறி நின்றால் மோட்டாருக்குத் திராணியில்லை. விலை உயர்ந்தவை 25 கிலோவுக்கு மேல் அழுத்தினாலும் நிற்காது. வீட்டுக்கு 10 முதல் 15 கிலோ தாங்கினால் ஏராளம், ஏனென்றால் அவ்வளவு அழுத்தவே கூடாது. பிரஷ்லெஸ் மோட்டாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கார்பன் பிரஷ் வைத்தவை சத்தம் கூட, சூடும் கூட, ஆயுள் குறைவு.

பேட்டரியில் எம்ஏஎச் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். 2,500 எம்ஏஎச் என்று இரண்டிலும் எழுதியிருக்கும். ஒன்றில் மூன்று செல், 11.1 வோல்ட். இன்னொன்றில் ஆறு செல், 22.2 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் முதலாவது சுமார் 28 வாட் ஹவர், இரண்டாவது சுமார் 55. ஓடும் நேரமும் இழுக்கும் பலமும் அதன்படிதான். பேட்டரிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பெட்டியில் தேடுங்கள். முத்திரை இல்லாத லித்தியம் பேட்டரியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவது புத்திசாலித்தனமில்லை.

கூட வரும் ஹெட்டுகளில் உருண்டையும் தட்டையும் தினம் பயன்படும். கவட்டை வடிவம் எப்போதாவது. கூரான புல்லட் ஹெட்டை முதல் இரண்டு மாதத்துக்கு டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். சிராய்ப்பும் ரத்தக்கட்டும் அதிகம் கொடுப்பது அதுதான்.

பிடிக்கும் விதம்

ஸ்பீடு முதலில் மிகக் குறைந்த படி, அதாவது நிமிடத்துக்கு 1,800 தட்டல் அளவு. சதைமேல் வைத்தபிறகு ஆன் செய்தால் எகிறாது. தோலுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, மெஷினின் சொந்த எடையை மட்டும் இறக்குங்கள். ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர், அவ்வளவு மெதுவாக நகர்த்த வேண்டும். வலிக்கும் முடிச்சு அகப்பட்டால் 15 விநாடி நிறுத்தலாம், அதற்குமேல் நகர்ந்துவிடுங்கள். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் நான்கைத் தாண்டக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் சதை எதிர்த்து இறுகுகிறது, எந்தப் பலனும் இல்லை.

பயிற்சிக்கு முன் ஒரு சதைக்கு 30 விநாடி போதும், அதன்பிறகும் வழக்கமான வார்ம்-அப் உண்டு. பயிற்சி முடிந்தபின் அல்லது மறுநாள் வலிக்கு ஒரு சதைக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம். இரண்டு காலும் சேர்த்து மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். பெரும்பாலான மெஷின்கள் 10 நிமிடத்தில் தானாக அணைவது மோட்டார் சூட்டுக்காக. அணைந்ததும் உடனே மறுபடி ஆன் செய்து தொடர்கிறவர்களுக்குத்தான் மெஷினும் போகிறது, காலும் கன்றுகிறது.

மெல்லிய பருத்தித் துணிக்கு மேல் வையுங்கள், பழைய லுங்கி போதும். எண்ணெய் தேய்த்த காலில் வேண்டாம். ஹெட் வழுக்கி எலும்பில் போய் இடிக்கும், நுரை ஹெட்டில் எண்ணெய் ஊறி உப்பும், தண்டு வழியாக உள்ளே இறங்கினால் தூசியோடு சேர்ந்து பசையாகும். முதலில் மெஷின், பிறகு நல்லெண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம்.

தட்டும்போது தோல் சிவந்து அரித்தால் பயப்பட வேண்டாம், அதிர்வுக்கு அப்படி ஆவது உண்டு, சில நிமிடத்தில் அடங்கும். சுரீரென்று மின்சாரம் போல் ஓடினாலோ மரத்தாலோ நரம்புமேல் வைத்திருக்கிறீர்கள். உடனே எடுத்துவிட்டு இரண்டு விரல்கடை தள்ளிப் போங்கள்.

சதை சதையாக

முன்தொடை: நாற்காலியில் உட்கார்ந்து, காலைக் கொஞ்சம் முன்னே நீட்டித் தளர விடுங்கள். உருண்டை ஹெட். முழங்கால் சில்லுக்கு நான்கு விரல் மேலே தொடங்கி இடுப்பு மடிப்புக்கு ஒரு கை அகலம் கீழே நிறுத்துங்கள். நடுவில் ஒரு கோடு, வெளிப்பக்கம் ஒரு கோடு, முழங்காலை ஒட்டிய உள்பக்கக் கண்ணீர்த்துளி வடிவச் சதையில் ஒரு சின்னச் சுற்று. தொடையின் மேல் உள்பக்கத்தைத் தொட வேண்டாம், பெரிய ரத்தக் குழாய் அங்கே மேலாக ஓடுகிறது. படி இறங்கிய வலிக்கு முழுப் பலன் இங்கேதான். முடித்த கையோடு பத்து முறை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால், கிடைத்த இளக்கம் நடையில் தெரியும்.

கெண்டைக்கால்: ஒரு காலைத் தூக்கி மற்றத் தொடைமேல் போட்டுக்கொண்டால் சதை தொங்கித் தளரும். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தடித்த தசைநாணை விட்டுவிட்டு, சதை ஆரம்பிக்கும் இடத்திலிருந்து மேலே போங்கள். முழங்காலின் பின்மடிப்புக்கு மூன்று விரல் கீழேயே நிறுத்திவிட வேண்டும். அந்தக் குழியில் தமனி, சிரை, நரம்பு மூன்றும் பாதுகாப்பில்லாமல் கிடக்கின்றன. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதைச் சுற்றியும் வேண்டாம். அதன் கழுத்தைச் சுற்றி ஓடும் நரம்பு அடிபட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகும்.

முன்னங்கால் எலும்பு வலி: வட ஆற்காட்டில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவக்காரர் உள்ள ஊர்களில் ராணுவத் தேர்வின் 1.6 கிலோமீட்டருக்கும், மாவட்டம் முழுக்கப் போலீஸ் தேர்வின் 1,500 மீட்டருக்கும் பையன்கள் தார் ரோட்டில் திடீரென்று ஓட ஆரம்பிக்கிறார்கள். மூன்றாவது வாரம் முன்னங்காலின் உள்விளிம்பில் வலி வரும். அந்த இடத்திலேயே மெஷினை வைத்து இடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அங்கே இருப்பது எலும்பும் அதன் உறையும், அடித்தால் வீக்கம் கூடும். பாதத்தை மேலே தூக்கினால் எலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு சதை புடைக்கும். தட்டை ஹெட், மிகக் குறைந்த ஸ்பீடு, ஒரு நிமிடம், அந்தச் சதைக்கு மட்டும். பிறகு கெண்டைக்காலுக்கு இரண்டு நிமிடம். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து மண் தரைக்கு மாறுவதுதான் நிஜ வைத்தியம். ஒரே ஒரு புள்ளியை விரலால் அழுத்தினால் உயிர் போகிறது, ராத்திரியும் வலிக்கிறது என்றால் எலும்பில் விரிசல் இருக்கலாம். மெஷினை மூட்டை கட்டிவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், அதனால் டாக்டர் ஓய்வு சொன்னால் "படம் நல்லாத்தானே இருக்கு" என்று மறுபடி ஓடக் கூடாது.

பின்தொடையும் பிட்டமும்: பின்தொடைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு அடியிலிருந்து வைக்கலாம். நடுக்கோட்டில் பெரிய நரம்பு போவதால் இரு ஓரங்களிலும் வேலை செய்யுங்கள். பிட்டத்தை நான்காகப் பிரித்தால் மேல் வெளிக் கால்வாசி, ஊசி போடும் இடம், அதுதான் பத்திரம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவை சைக்கிளில் மிதித்து ஏறுகிறவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். கீழ்முதுகில் வைப்பதைவிட இந்தப் பிட்டச் சதையில் இரண்டு நிமிடம் வைத்தால் நல்லது. கடைசி விலா எலும்புக்குக் கீழே இருபக்கமும் சிறுநீரகம், அங்கே தட்டல் வேண்டாம்.

உள்ளங்கால்: கிரிவலம் வெறுங்காலில் போனவர் முதலில் கொப்புளம், முள், வெட்டுக்காயம் பார்க்க வேண்டும். இருந்தால் வேண்டாம். இல்லையென்றால் குதிகாலுக்கு முன்னாலிருந்து விரல் அடி வரை, மிகக் குறைந்த ஸ்பீடில், ஒரு காலுக்கு ஒரு நிமிடம்.

தோளும் கையும்: குடியாத்தம் தறிக்காரர்கள், தையல்காரர்கள், லாரி ஓட்டுகிறவர்களுக்கு முன்கைச் சதையில் தட்டை ஹெட் நன்றாகக் கேட்கும். முழங்கையின் உள்பக்க முண்டை மட்டும் தவிருங்கள். தோளில், கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே உள்ள மேட்டில் வையுங்கள். முதுகெலும்பிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளியே இருக்கட்டும். கழுத்தின் பக்கவாட்டிலும் முன்பக்கத்திலும் எந்த ஸ்பீடிலும் கூடாது. கழுத்தில் மசாஜ் கன் வைத்துவந்த இளம்பெண்ணுக்கு மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்த சம்பவம் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

யாருக்கு வேண்டவே வேண்டாம்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல், ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களின் கெண்டைக்கால் வலி பல நேரம் சதை வலியே இல்லை. நரம்பு சுருட்டிக்கொள்வது என்று நாம் சொல்லும், சிரைகள் புடைக்கும் வெரிகோஸ் கோளாறு. முழங்காலுக்குக் கீழே நீலமாகப் புடைத்து நெளிந்திருந்தால், சாயங்காலம் கணுக்கால் வீங்கினால், அந்தக் காலில் மெஷின் வைக்கக் கூடாது. காலை உயரத் தூக்கிப் படுத்தாலே வலி குறையும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, கனமாக இருந்தால், அதுவும் ஆபரேஷனுக்குப் பின்னோ நீண்ட பயணத்துக்குப் பின்னோ என்றால், உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். தட்டினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. நேராக ஆஸ்பத்திரி.

சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், எலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். பாட்டிக்குக் கால் வலி என்று பேரன் ஆசையாக வைத்துவிடுவது அன்புதான், ஆனால் அந்தத் தோலுக்கும் எலும்புக்கும் அது தாங்காது.

காயமும் பயிற்சி வலியும் ஒன்றல்ல. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதலில் தங்கம் வாங்கிய சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம், இரண்டாவது முறை முன்தொடைக் காயம் முழுதாக ஆறாமலேயே மேடை ஏறினார். அந்த ரகக் காயம், அதாவது தூக்கும்போதே "டப்"பென்று பிடித்து, நீலம் பாய்ந்து, காலை ஊன்ற முடியாமல் போவது, மெஷினுக்கு உரியதல்ல. முதல் இரண்டு மூன்று நாள் அதன்மேல் தட்டினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். 1966 முதல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் இயங்கும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

கத்திரி வெயிலில் ஓடும்போது சதை பிடித்து இழுத்தால் அங்கேயும் மெஷின் உதவாது. முதலில் நிழல். பாதத்தை உங்கள் பக்கம் மடக்கி நீட்டிப் பிடியுங்கள், உப்புப் போட்ட மோர் குடியுங்கள். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். சைக்கிள் ஓட்டிய களைப்புக்கு மசாஜ் கன் வைத்த ஒரு பெண் இதே நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் 2021-ல் மருத்துவ இதழில் வந்தது. அப்போது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

மெஷினுக்கு

வேலூர் வெயில்தான் இதற்குப் பெரிய எதிரி. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. ஏப்ரல், மே மாதத்தில் ஸ்கூட்டர் டிக்கியிலும் பூட்டிய காரிலும் அதைத் தாண்டிவிடும். ஓடி முடித்துச் சூடாக இருக்கும்போதே சொருகாமல், அரை மணி நேரம் ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள்.

உருண்டை முனை சார்ஜர் வரும் மாடலுக்கு அதனுடைய சார்ஜர்தான். முனை பொருந்துகிறது என்பதற்காக மோடம் சார்ஜரையோ லேப்டாப் சார்ஜரையோ சொருகினால் வோல்ட் மாறி பேட்டரி போகும், சில நேரம் தீயும் பிடிக்கும். டைப்-சி மாடல் ஏறவில்லை என்று கடைக்கு ஓடுமுன், இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளை எடுத்துவிட்டு, பழைய யுஎஸ்பி முனை உள்ள கேபிளையும் சாதாரண 5 வோல்ட் சார்ஜரையும் போட்டுப் பாருங்கள். மலிவு மாடல்களில் வேகச் சார்ஜரோடு பேசும் சின்ன ரெசிஸ்டரை விட்டுவிடுவதால் இப்படி ஆகும்.

கடகடவென்று புதுச் சத்தம் வந்தால் முதலில் ஹெட் கடைசி வரை சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்டைக் கழற்றி ஓடவிட்டும் சத்தம் நிற்கவில்லை என்றால், தண்டு ஓடும் நைலான் புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்திருக்கும். எலெக்ட்ரிக் மோட்டார் ரிப்பேர் கடையில் பேரிங் மாற்றித் தருவார்கள், அதன் அளவு பேரிங்கின் பக்கத்திலேயே பொறித்திருக்கும். உடல் உப்பி மூடி விரிந்தால் உள்ளே பேட்டரி வீங்கிவிட்டது. சார்ஜ் போடாமல், குத்தாமல், குப்பை வண்டியில் போடாமல் மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுங்கள். ஜிம்மில் பலர் பயன்படுத்தும் மெஷினாக இருந்தால் சிலிக்கான் ஹெட் வாங்கி, ஒவ்வொருவர் முடித்ததும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். நுரை ஹெட்டில் வியர்வை ஊறிப் படர்தாமரை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும்.